மூக்கைத் தொடக் கூடாது

திருவொற்றியூர் குப்பத்தில் ரகுபதிக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டிய காலையில், பார்த்தவர்களில் பாதிப் பேர் பதறினார்கள். மீதிப் பேர் அவரைக் கொடுத்து வைத்தவர் என்றார்கள். மூக்கில் இரத்தம் வருபவர்களுக்கென்றே எண்ணூர் நெடுஞ்சாலையில் அப்போதுதான் தனி மையம் ஒன்று திறந்திருந்தார்கள். கால் உடைந்தவருக்கோ பாம்பு கடித்தவருக்கோ இந்தப் பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது.

ரகுபதி விசைப்படகு ஓட்டியவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பார். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. அவர் மறந்தாலும் மனைவி கன்னியம்மா மறக்கமாட்டாள். மார்க்கெட்டில் மீன் கூறு போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் செய்து, போட்டாயிற்றா என்று கேட்பாள்.

அன்றைக்கு வலையை மடக்கும்போது ஒரு தும்மல் வந்தது. உதட்டில் ஏதோ வழிந்தது. சளி என்று புறங்கையால் துடைத்தார். கை சிவந்திருந்தது. பிறகு நிற்கவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கன்னியம்மா செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். ஒரு துண்டு நனைந்து, இரண்டாவது துண்டு நனையத் தொடங்கியிருந்தது.

ஷேர் ஆட்டோக்காரர் சீட்டின் மேல் கோணியை விரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

"எங்க போறது?"

"பெரியாஸ்பத்திரிக்கு வுடுபா."

"ரோட்டப் பாத்தியா? கண்டெய்னர் லாரி எறும்பு மாதிரி நின்னுகினு கீது. ராயபுரம் போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும். கண்ணாடி ஆஸ்பத்திரிக்குப் போ. மூக்குக்குன்னே தனி மாடி கீது. ஏசி."

கண்ணாடி ஆஸ்பத்திரி என்பது ஊர் வைத்த பெயர். உண்மைப் பெயர் கீழைக்கடல் உயர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். ரகுபதிக்கு ஸ்டென்ட் வைத்ததும் அங்கேதான். அதனால் கன்னியம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

வாசலில் பெரிய பேனர். அதில் ஒரு தராசு. தராசின் இரு தட்டிலும் தட்டுக்கொரு மூக்குத் துவாரம். கீழே, 'மூக்கில் இரத்தமா? முதலில் ஒப்பிடுவோம்!' என்று எழுதியிருந்தது.

ஒப்பிடுவதற்குக் காரணம் இருந்தது. மூக்கில் கடுமையாக இரத்தம் வந்தால் அதை நிறுத்த இரண்டு வழிகள் வழக்கத்தில் இருந்தன. மூக்குக்குள் பஞ்சுக் கட்டையைச் செருகி அடைத்துவிடுவது ஒன்று. இரத்தத்தை உறைய வைக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை வைப்பது இன்னொன்று. இரண்டில் எது மேல் என்று மருத்துவர்களுக்குள் சர்ச்சை. அதைத் தீர்த்துவைக்க, இயக்குநர் டாக்டர் சங்கரநாராயணன் வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து திரும்பிய கையோடு இந்த ஒப்பாய்வு மையத்தை நிறுவினார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மலர் வெளியிட்டார்கள். நோயாளிகள்தான் வரவில்லை. வருகிறவர்களுக்குக் கீழே அவசரப் பிரிவிலேயே யாராவது ஒரு டாக்டர் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு வழியில் இரத்தத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இதை அறிந்த இயக்குநர் மிகவும் மனம் வருந்தி ஒரு சுற்றறிக்கை விட்டார். 'அவசரப் பிரிவில் எவரும் மூக்கைத் தொடக் கூடாது.' அதன் பிறகு சளி பிடித்த டாக்டர்கள்கூட வராந்தாவுக்குப் போய்த்தான் மூக்கைச் சிந்தினார்கள்.

ரகுபதியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனவர் வாசல் காவலாளி மஜீது. அவசரப் பிரிவு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"என்ன, மூக்கா?" என்றவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மூக்குன்னா நாங்க தொடக் கூடாதும்மா. ரெண்டாவது மாடி."

இரண்டாவது மாடியில் ஜெமிமா என்ற இளம் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேல்படிப்பின் கடைசி வருஷம். இந்த ஒப்பாய்வைப் பற்றித்தான் அவள் ஆய்வேடு எழுதவேண்டும். அதில் இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். ரகுபதியைப் பார்த்ததும் அவள் எதையும் யோசிக்கவில்லை. எழுந்து வந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"தலையைத் தூக்காதீங்க. முன்னால குனிஞ்சுக்கோங்க. வாயால மூச்சு விடுங்க. அம்மா, நீங்க பயப்படாதீங்க என்ன."

சொட்டுவது குறைந்தது. கன்னியம்மாவுக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"யார் அது, மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது?"

வாசலில் டாக்டர் சங்கரநாராயணன் நின்றிருந்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு தந்தையின் மகிழ்ச்சி தெரிந்தது. மையத்துக்குள் இரத்தம் வடியும் ஒருவர் வந்திருக்கிறார். அடுத்து ஜெமிமாவின் விரல்களைப் பார்த்ததும் அது மறைந்தது.

"நான்தான் சார். ஃபர்ஸ்ட் எய்டு..."

"நம்முடைய ஆய்வில் எத்தனை சிகிச்சை?"

"ரெண்டு சார்."

"நீ செய்துகொண்டிருப்பது?"

"மூணாவது சார்."

"இப்போது இவருக்கு இரத்தம் நின்றுவிட்டால் அதை யார் நிறுத்தியது? முதல் சிகிச்சையா, இரண்டாவதா? ஒரு மனிதனின் அவசரத்தால் அறிவியலே குழம்பிவிடும். கையை எடு."

ஜெமிமா கையை எடுத்தாள். இரத்தம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கன்னியம்மா எதிரில் உட்கார்ந்தார். நோயாளிகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் செய்வது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. இரண்டு வழிகளையும் படம் போட்ட அட்டையைக் காட்டி விளக்கினார்.

"ரெண்டுல எது சார் நல்லது?" என்றாள் கன்னியம்மா.

"அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்த மையம்."

"சரி, இவருக்கு எத்த வெக்கப் போறீங்க?"

"அது எங்களுக்குத் தெரியக் கூடாது."

"தெரியக் கூடாதா? பின்ன யாருக்குத்தான் சார் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதுதான் சீட்டுக் குலுக்குவது போல ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் வந்துவிடும், பாருங்கள்."

"அப்டின்னா சீக்கிரம் அதக் கேளுங்க சார். ஆளு வெளுத்துகினே போறாரு."

கேட்டார்கள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சர்வர் எங்கோ வடக்கில் இருந்தது. அங்கே ஏதோ பழுது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரகுபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படகில் திசைகாட்டியைப் பார்க்கிற பார்வை.

அதற்குள் இன்னொரு சிக்கலும் கிளம்பியது. இந்த மையம் கடுமையான இரத்தப்போக்குக்கு மட்டும். கடுமை என்றால் அளவுக் குடுவையில் சிவப்புக் கோடு வரை நிரம்பவேண்டும். ரகுபதியின் முகவாய்க்குக் கீழே ஒரு குடுவையை ஏந்திப் பிடித்தார்கள்.

"ரெண்டு துண்டு நனைஞ்சி கீதே சார், அது கணக்கில்லியா?" என்றாள் கன்னியம்மா.

"அது வெளியில் சிந்தியது. எங்கள் முன்னிலையில் சிந்துவதுதான் எங்கள் கணக்கில் வரும்."

இயக்குநர் வட்டத்தைப் பற்றி விசாரிக்கப் போன் பேச வெளியே போனார். கோட்டைத் தொட இன்னும் விரல் அகலம் இருந்தது. கன்னியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த ஈரத் துண்டை எடுத்து, குடுவைக்கு மேலே முறுக்கிப் பிழிந்தாள். வீட்டில் துணி பிழிவது போலத்தான் பிழிந்தாள். கோட்டைத் தாண்டியது. தலையை நிமிர்த்தியபோது ஜெமிமா பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஜெமிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வந்த இயக்குநர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அருமை. மிகக் கடுமை" என்றார்.

வட்டம் இன்னும் சுற்றியது.

"கன்னி, தாகமா கீது," என்றார் ரகுபதி.

தண்ணீர் கொடுக்கலாமா என்று கன்னியம்மா கேட்டாள். அதற்கு ஆய்வு விதிகளில் ஒன்றும் சொல்லவில்லை என்பதால், கொடுக்கவும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. அவள் கொடுத்தாள். குடித்ததில் பாதி வாய் வழியே சிவப்பாகத் திரும்பி வந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "எய்ந்திரு. நாம வேற எடத்துக்குப் பூடலாம்" என்று நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அது அவரது உரிமை என்று இயக்குநர் பின்னாலிருந்து கனிவாகச் சொன்னார். மஜீது லிஃப்ட்டைப் பிடித்துக் கொடுத்து, வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

வெளியே நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் லாரி நிழலில் படுத்திருந்தார்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் வழக்கமான நாற்றம். ஒரு ஆட்டோகூட இல்லை. நூற்றியெட்டுக்கு மஜீது போன் போட்டார். வண்டி கிளம்பிவிட்டதாகவும், டோல்கேட் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள்.

"இன்னா பண்ணலாம் பாய்?"

"வண்டி வர வரைக்கும் உள்ளயே குந்திக்கோ தாயி. வெயில்ல ஏன் வெச்சிகினு."

"கடல்ல உயுந்திருந்தாக்கூட," என்று ரகுபதி சொன்னார். பேச்சு குழறியது. "எவனாச்சும் கையப் புட்ச்சி இஸ்திருப்பான்."

திரும்பவும் இரண்டாவது மாடி. கன்னியம்மா இப்போது தானே அவர் மூக்கைப் பிடித்தாள். ஜெமிமா எங்கே அழுத்தினாள் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. எலும்புப் பக்கம் அழுத்தினாள். விரல் இடுக்கில் இரத்தம் வழிந்தது. ஜெமிமா ஓரடி முன்னால் வந்தாள். அப்போது லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்க, அப்படியே நின்றுவிட்டாள்.

டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. கழுத்தில் சால்வையோடு மூன்று பேர். மையத்துக்கு இன்னொரு மாடி கட்ட அனுமதி தரலாமா என்று பார்க்க வந்தவர்கள். சரியாக இந்த நாளில் ஒரு நோயாளி அமைந்ததை இயக்குநர் இறைவனின் கருணை என்று அவர்களிடம் சொன்னார். பிறகு ரகுபதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே, இரத்தத்தை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். தெருமுனைக் கம்பவுண்டர் நிறுத்துவான். ஐஸ் கட்டி நிறுத்தும். எத்தனையோ முறை அதுவாகவே நின்றிருக்கிறது. நிறுத்துவது நம் வேலை அல்ல. எப்படி நிறுத்துவது சிறந்தது என்று கண்டறிவதே நம் வேலை. அது தெரியும் வரை நிறுத்தாமல் இருக்கும் மனக்கட்டுப்பாடு எத்தனை நிறுவனங்களுக்கு இருக்கிறது? நாளை கோடிக்கணக்கான மூக்குகள் பயன்பெறப் போகின்றன. அதற்காக இன்று ஒரு மூக்கு காத்திருக்கிறது. இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். அதுதான் நம் நேர்மை."

மூவரும் கைதட்டினார்கள். ஒருவர், நோயாளியின் கண்ணைக் கட்டவில்லையே என்று கேட்டார். இது குருட்டு ஆய்வு என்றுதானே விண்ணப்பத்தில் இருக்கிறது?

குருட்டு ஆய்வு என்றால், தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கண்ணைக் கட்டுவது என்று அர்த்தமில்லை. இது இயக்குநருக்குத் தெரியும். ஆனால் கேட்டவர் குழுவின் தலைவர். இயக்குநர் ஜெமிமாவைப் பார்த்தார். ஜெமிமா ஒரு பேண்டேஜ் துணியால் ரகுபதியின் கண்களைக் கட்டினாள்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றாள் கன்னியம்மா. "அவருக்குக் கண்ணு நல்லாத்தானே கீது."

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நேரம்."

"கன்னி," என்றார் ரகுபதி, கட்டுக்குள்ளிருந்து. "நீ கீறியா?"

"இங்கதான் கீறேன். கையப் புடி."

அவர் பிடித்தார். படகுச் சுக்கானைத் திருப்பிய கை. குழந்தையின் பிடி அளவுக்குக்கூட அதில் வலுவில்லை.

அப்போதுதான் வட்டம் நின்றது. திரையில் ஒரு எண் வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த எண்ணுள்ள உறையை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கக் கூடாது என்பதால் இயக்குநர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் திரும்பியதைப் பார்த்துக் குழுவினரும் திரும்பினார்கள். அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நிற்க, ஜெமிமா உறையைக் கிழித்தாள். மருந்தில் நனைத்த பஞ்சு. மூக்கில் வைத்தாள்.

"என்ன ஆயிற்று?" சுவரைப் பார்த்தபடி இயக்குநர் கேட்டார்.

"ரத்தம் நின்னுடுச்சு சார்."

"வைத்த உடனேயா?"

"ஆமா சார்."

கைதட்டல் இரண்டாம் முறை எழுந்தது. குழுத் தலைவர் இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார்," என்றாள் ஜெமிமா. "பல்ஸ் இல்ல சார்."

இயக்குநர் திரும்பினார். ஒரு கணம், அந்த ஒரு கணம் மட்டும், அவர் ஒரு டாக்டரைப் போல இருந்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாடி நம் ஆய்வில் இல்லை, ஜெமிமா. இதயத் துறையைக் கூப்பிடு."

இதயத் துறையினர் ஓடிவந்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். பார்க்கப்போனால் அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு அவருக்காக ஓடியவர்கள் அவர்கள் மட்டும்தான். பலனில்லை. ஏற்கெனவே பலவீனமான இதயம், இரத்தம் குறைந்து நின்றுவிட்டது என்று சொல்லி, கன்னியம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நூற்றியெட்டு அதன் பிறகு வந்தது.

சாவுக்குக் காரணம் இதயம் என்று எழுதப்பட்டது. அதனால் அது இதயத் துறையின் கணக்கில் சேர்ந்தது. மூக்கு மையத்தின் கணக்கில் ஒரு வெற்றி சேர்ந்தது. இன்னொரு மாடிக்கு அனுமதியும் வந்தது.

குப்பத்தில் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது, தெருமுனையில் ஜெமிமா வந்து நின்றிருந்தாள். பந்தலைப் பார்த்தாள். படத்துக்குப் போட்ட மாலையைப் பார்த்தாள். கன்னியம்மாவும் அவளைப் பார்த்தாள். வா என்று கூப்பிட வாய் வரவில்லை, போ என்று விரட்டவும் மனமில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெமிமா திரும்பி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டாள். அவள் ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அப்புறம் மஜீது வந்து சொன்னார்.

கன்னியம்மா மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினாள். வேறு என்ன செய்வது? ஒரு நாள் காலை வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் போன் அடித்தது. இளம்பெண்ணின் குரல்.

"வணக்கம். கீழைக்கடல் ஒப்பாய்வு மையத்திலிருந்து பேசுகிறோம். திரு. ரகுபதி அவர்களிடம் பேசலாமா?"

"அவரு இல்லம்மா. பூட்டாரு."

"எப்போது வருவார்?"

"செத்துப்பூட்டாரும்மா. உங்க ஆஸ்பத்திரிலதான்."

அந்தப் பெண் பேப்பரைப் படிக்கும் குரலை விட்டுவிட்டு, தன் குரலில் பேசினாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்கு யாரும் சொல்லல. இங்க ஸ்க்ரீன்ல குணமாயிட்டார்னுதான் இருக்கு. இந்தக் கேள்விய முடிக்காம அடுத்த நம்பருக்குப் போக முடியாதும்மா. அது மாட்டிக்கும். நான் என்ன பண்றது?"

கன்னியம்மா எதிரே பார்த்தாள். வாடிக்கைக்காரம்மா ஒருத்தி சங்கரா மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போனில் அழுகிற மாதிரி ஒரு மூச்சு.

"சரி, கேளு."

"சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் ரத்தம் வந்துச்சாம்மா?"

"இல்ல."

"மூக்குல வலி?"

"இல்ல."

"மூச்சு விட..." அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். "மூச்சு விடறதுல ஏதாவது சிரமம்?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

"திருப்தியா இருக்கீங்களான்னு அஞ்சுக்கு எவ்வளவுன்னு..."

"நீயே எதனா போட்டுக்கோ. மீன் காயுது எனக்கு."

போனை இடுப்பில் செருகிவிட்டு, சங்கராவை வாங்கித் தராசில் போட்டாள். வாடிக்கைக்காரம்மா கேட்டாள்.

"யாரு கன்னியம்மா போன்ல?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து," என்றாள் கன்னியம்மா, கத்தியை எடுத்துக்கொண்டே. "அவரு எப்டி கீறாருன்னு கேக்குறாங்கோ."